வெளியே கேட்காத டிரம்ஸ்

எனக்குச் சோறு போடுவது காதுதான். தண்ணீர் விநியோக அலுவலகத்தில் புகார் பிரிவில் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். காலையில் எட்டு மணிக்கு ஹெட்செட்டை மாட்டினால் நாலு மணிக்குத்தான் கழற்றுவேன். குழாயில் தண்ணி வரலை, வந்தால் கலங்கலாக வருது, ரோட்டில் பைப் உடைந்து ஓடுது என்று ஊரில் இருக்கிற அத்தனை கோபமும் என் காது வழியாகத்தான் உள்ளே நுழையும். சில பேர் என் அப்பா அம்மாவையும் சேர்த்து விசாரிப்பார்கள். நான் குரலை உயர்த்தவே மாட்டேன். உயர்த்தினால், நடுவில் புகுந்து ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கிற சூப்பர்வைசர் மார்க்கைக் குறைத்துவிடுவார்.

வெளியில் இருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. புகாரைக் கேட்பதுதான் எங்கள் வேலை, சரிசெய்வது இல்லை. பேர் என்ன, தெரு என்ன, கோளாறு என்ன என்று எழுதிக்கொள்வேன். ஒரு எண் கொடுப்பேன். "உங்க புகார் பதிவு செய்யப்பட்டதுங்க" என்பேன். எப்போ சரியாகும் என்று கேட்டால், "அது வேற செக்‌ஷன்ங்க" என்பேன். பொய் இல்லை. அந்த செக்‌ஷன் அடுத்த கட்டடத்தில் இருக்கிறது, அங்கே இருக்கிறவர்களின் முகம்கூட எனக்குத் தெரியாது. எண்ணைக் கொடுத்த அடுத்த நிமிஷம் அந்தப் புகாரை மறந்துவிடுவேன். மறந்தால்தான் அடுத்த ஆளுக்குக் காது கொடுக்க முடியும். இதில் நான் கெட்டிக்காரன். இரண்டு தடவை சிறந்த ஊழியர் என்று கேடயம் கொடுத்திருக்கிறார்கள். டி.வி.க்குப் பக்கத்தில் தூசி படிந்து நிற்கிறது.

இந்தப் பழக்கத்தை வீட்டுக்குள் கொண்டுவந்ததும் சாட்சாத் நானேதான். மகளுக்கு அப்போது ஐந்து வயது. வீட்டில் அவளுக்கு வாண்டு என்றுதான் பேர். ஒரு நாள் செருப்பு கடிக்கிறது என்று சிணுங்கிக்கொண்டே வந்தாள். விளையாட்டுக்கு ஒரு துண்டுச் சீட்டில், "புகார் எண் ஒன்று. செருப்பு கடிக்கிறது. பதிவு செய்யப்பட்டது" என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தை வைத்து ஒட்டினேன். சிணுங்கல் நின்றுவிட்டது. ஆஹா, இது நல்ல வழியாக இருக்கிறதே என்று பிடித்துக்கொண்டேன்.

எழுதப் படிக்கத் தெரிந்ததும் அவளே சீட்டு எழுத ஆரம்பித்தாள். எண் போட்டுக் கையெழுத்து இடுவது மட்டும் என் வேலை. தீர்ந்த சீட்டைக் கிழிப்போம், தீராதது காந்தத்துக்கு அடியில் கிடக்கும். ஒரு புகாரை ஒரே இடத்தில்தான் கொடுக்க வேண்டும், ரெண்டு இடத்தில் கொடுத்தால் குழப்பத்தில் ரெண்டுமே நின்றுபோகும் என்று எங்கள் அலுவலகச் சட்டத்தையும் சொல்லிக்கொடுத்தேன். அவள் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். பாதி நாள் இரவுப் பணி, பகலில் தூக்கம். "இந்த வீட்டுல புகார் பதிவாகும், சரியாகாது. அப்படியே உங்க ஆபீஸ்தான் போங்க" என்று கிண்டல் செய்வாள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

வாண்டுக்குக் கை சும்மா இருக்காது. சாப்பாட்டு மேஜை, பஸ் கம்பி, என் தலை, எதுவும் தப்பாது, தட்டித் தீர்ப்பாள். ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்து பேண்ட் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "இவளுக்குக் கையில தாளம் இருக்கு சார். ஸ்கூல்ல இருக்கறது ஒரே ஒரு டிரம் செட். சின்னதுங்கள்ல ஒருத்தரத்தான் வருஷக் கடைசியில பேண்டுக்கு எடுப்போம், அதுவரைக்கும் பெஞ்சுல தட்டித்தான் பழகணும். வீட்டுல ஒண்ணு இருந்தா நல்லது" என்றார். அன்றைக்கு சாயங்காலமே சீட்டு விழுந்தது. எண் இருபத்தாறு. எனக்கு டிரம்ஸ் வேண்டும்.

மூவரும் கடைக்குப் போனோம். கடைக்கார அம்மா விஷயம் தெரிந்தவர். விலைப் பட்டியலைத் தொடவே இல்லை, முதலில் வாண்டைத்தான் பார்த்தார். சின்னப் பிள்ளைகளுக்கான ஒரு சிவப்பு செட் இருந்தது. மூன்று டிரம், பித்தளைத் தட்டு மாதிரி ஒரு சிம்பல், கால் பெடல். ஸ்டூலைத் திருகித் திருகி உயரத்தைச் சரிசெய்து அவளை உட்கார வைத்தார். "முதல் செட்டுக்கு ரெண்டு விஷயம் பாத்தா போதும் சார். கால் பெடலுக்கு எட்டுதா, முதுகு நேரா இருக்கா. பிராண்டு, பளபளப்பு எல்லாம் அப்புறம்" என்றார். கால் கச்சிதமாக எட்டியது. வாண்டு குச்சியை எடுத்து சிம்பலில் ஒரு போடு போட்டாள். அது பாட்டுக்கு அதிர்ந்துகொண்டே இருந்தது. வாயைப் பிளந்துகொண்டு அது அடங்குகிறவரை கேட்டாள். அப்புறம் இன்னொரு போடு.

எனக்கு மண்டைக்குள் இடித்தது. எட்டு மணிநேரம் கத்தலைக் கேட்டுவிட்டு வருகிறவன் வீட்டிலும் இதையா கேட்பது என்று கடையைச் சுற்றிப் பார்த்தேன். மூலையில் வேறு ஒன்று இருந்தது. கறுப்பு ரப்பர் தட்டுகள், ஒரு சின்னப் பெட்டி, அதில் செருகிய ஹெட்போன்.

"இது வெளிய கேக்காதா?"

"ஹெட்போன் போட்டவங்களுக்கு மட்டுந்தான் கேக்கும். வெளிய டொக்டொக்குனு ரப்பர் சத்தம் வரும், அவ்வளவுதான்" என்றவர், கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். இதுவும் நல்ல பொருள்தான். ஆனா கத்துக்கற பிள்ளை வாசிக்கறத வீட்டுல யாராவது கேக்கணும். சத்தம்தான் கவலைன்னா சிவப்பு செட்டு மேல போட ரப்பர் வட்டம் இருக்கு, பாதி சத்தம் குறைஞ்சிடும்."

"இவளுக்கு நைட் டியூட்டிங்க. பகல்ல தூங்கணும்" என்று மனைவியைக் கைகாட்டினேன்.

"அய்யோ, என்னை ஏன் இழுக்கறீங்க? தலைமாட்டுல ஜெனரேட்டர் ஓடினாலும் நான் தூங்குவேன்" என்றாள் அவள். கடைக்கார அம்மா சிரித்துவிட்டார். நான் அசடு வழிய நின்றேன். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. மனைவியின் தூக்கம் என்று சொல்லிக்கொண்டே என் காதுக்குத்தான் வழக்காடினேன். அது அப்போதே எனக்கு நன்றாகத் தெரியும்.

வாண்டு சிவப்பு ஸ்டூலைவிட்டு இறங்காமல் கேட்டாள். "நான் வாசிச்சா உனக்கு எப்படிப்பா கேக்கும்?"

"ஹெட்போன என் காதுல மாட்டு, நீ வாசி. நான் உக்காந்து கேக்கறேன்."

"தினமுமா?"

"தினமும்டா தங்கம்."

கறுப்பு செட் வீட்டுக்கு வந்தது.

முதல் வாரம் கேட்டேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டுவேன். அவள் வாசித்துவிட்டு என் முகத்தையே பார்ப்பாள். இரண்டாவது வாரம், "இன்னிக்குக் காது வலிக்குதும்மா, நாளைக்கு" என்றேன். வேலை முடித்து வந்ததும் இன்னொரு ஹெட்போனைக் காதில் வைப்பதை நினைத்தாலே எனக்குக் குமட்டியது. அப்புறம் நாளைக்கு என்று சொல்கிற சிரமம்கூட இல்லாமல் போயிற்று, அவளே கேட்பதை விட்டுவிட்டாள். நான் பால்கனியில் நாற்காலியைப் போட்டு உட்காருவேன். உள்ளே டொக்டொக். அப்பாடா, நல்ல பொருளாகத்தான் வாங்கியிருக்கிறோம் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொள்வேன். அலுவலகத்தில் வேறு, "என் பொண்ணு தினம் ஒரு மணிநேரம் டிரம்ஸ் வாசிக்கிறா" என்று பீற்றிக்கொள்வேன். எப்படி வாசிக்கிறாள் என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

வருஷக் கடைசியில் பேண்டுக்கு ஆள் எடுக்கிற தேர்வு நெருங்கிவிட்டது. சனிக்கிழமை. அதற்கு இரண்டு நாள் முன்னால் எனக்கு வலது காதில் குடைச்சல். டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே புண்ணாகியிருக்கிறது, ஒரு வாரம் ஹெட்செட் பக்கமே போகக் கூடாது என்று சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். பகலில் யாரும் என்னைத் திட்டாமல் இருப்பது விநோதமாக இருந்தது.

பள்ளிக்கூடம் விட்டு வந்த வாண்டு முகம் கழுவிக்கொண்டு நேராகச் செட்டில் உட்கார்ந்தாள். கதவோரம் நின்று பார்த்தேன். கை அப்படிப் பறக்கிறது. உதடு ஏதோ முணுமுணுக்கிறது. பெட்டியில் பச்சை விளக்கு ஒவ்வொரு அடிக்கும் மினுக்குகிறது. அடேயப்பா, இவ்வளவு கற்றுக்கொண்டாளா என்று மலைத்துப்போனேன். டாக்டர் சொன்னது கிடக்கட்டும் என்று உள்ளே போய்க் கையை நீட்டினேன்.

"குடு வாண்டு. கேக்கறேன்."

அவள் உடனே கழற்றவில்லை. "உனக்குத்தான் காது வலிக்குதேப்பா" என்றாள்.

"பரவால்ல, குடு."

மாட்டிக்கொண்டேன். வாசித்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியில் சத்தத்தைக் கூட்டினேன், கடைசிவரை திருகினேன். விளக்கு மினுக்குகிறது, கை பறக்கிறது, ஒரு சத்தமும் இல்லை. போச்சு, காது போச்சு, பிழைப்பு போச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். பிள்ளை முன்னால் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருக்கும்போது எனக்கு என் பிழைப்புதான் ஞாபகம் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

"வாண்டு, எனக்கு ஒண்ணுமே கேக்கலைடா" என்றேன்.

"சத்தம் வராதுப்பா. ஹெட்போன் கெட்டுப்போச்சு."

"எப்போலேர்ந்து?"

"பதிவு பண்ணியிருக்கு" என்றாள்.

எழுந்து போய் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து சீட்டுக் கட்டை எடுத்துவந்தாள். எண் முப்பத்தொன்று. ஹெட்போனில் சத்தம் வரவில்லை. முப்பத்துநாலு. ஹெட்போனில் இன்னும் சத்தம் வரவில்லை. முப்பத்தெட்டு. அப்பா, ஹெட்போன். மூன்றிலும் கீழே பதிவு செய்யப்பட்டது என்று என் கையெழுத்து. முதல் சீட்டுக்கு ஏழு மாசம் ஆகியிருந்தது. அதை வாங்கிக் கையெழுத்துப் போட்ட ஞாபகம் எனக்குத் துளிகூட இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

"அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமேடா."

"ஒரு புகார ஒரு இடத்துலதான் குடுக்கணும்னு நீதானேப்பா சொன்ன?"

"அப்ப இத்தனை நாளா எப்படி வாசிச்ச?"

"வாய்க்குள்ள சத்தம் போட்டுக்குவேன். லைட் எரியுதுல்ல, அதப் பாத்துக்குவேன்." சொல்லும்போது அவள் முகத்தில் கோபமே இல்லை. ஏதோ கணக்குப் பாடத்தில் வழி சொல்கிற மாதிரி சொன்னாள். ரெண்டு அறை விட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மனைவி தூங்கி எழுந்து விஷயத்தைக் கேட்டதும் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள். என்னை நாலு வார்த்தை கேட்பாள் என்று காத்திருந்தேன். "வெளிய டொக்டொக்குனு கேட்டுச்சுங்க. உள்ள கேக்குதுன்னு நானும் நெனச்சுட்டேன்" என்று மட்டும் சொன்னாள். பழியில் அவள் பங்கை அவள் எடுத்துக்கொண்டாள். என் பங்கு குறையவில்லை.

அப்போதே பெட்டியையும் ஹெட்போனையும் பையில் போட்டுக்கொண்டு வாண்டோடு கடைக்கு ஓடினேன். கடைக்கார அம்மா வேறொரு ஹெட்போனைச் செருகிப் பார்த்தார். "பெட்டி நல்லா இருக்கு சார். ஹெட்போன் வயருதான் உள்ள அறுந்திருக்கு. வேற போட்டா சரி. ரெண்டு நிமிஷ வேலை" என்றார். "எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"கொஞ்ச நாளா" என்று மழுப்பினேன்.

"ஏழு மாசமா" என்றாள் வாண்டு.

அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பதினாறு வருஷத்தில் போனில் வாங்கிய வசவெல்லாம் அதற்கு உறை போடக் காணாது. கண்ணைத் திருப்பினேன். அதே சிவப்பு செட் அதே இடத்தில் இருந்தது. "அதையும் குடுங்க. இன்னிக்கே எடுத்துட்டுப் போறோம்" என்றேன். வாண்டின் கண் பெரிதானது. ஓடிப்போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். முட்டி இரண்டும் டிரம்மின் அடியில் போய் இடித்தன. ஸ்டூலை உயர்த்தினால் குனிய வேண்டியிருந்தது, முதுகு வளைந்தது.

"வளந்துட்டாளே சார். இது இனிமே இவளுக்கு ஆகாது" என்றார் அந்த அம்மா, மெதுவாக. வாண்டு இறங்கிவிட்டாள். இறங்கும்போது சிம்பலை விரலால் தொட்டுப் பார்த்தாள், அடிக்கவில்லை.

புது ஹெட்போனோடு திரும்பினோம். அன்றைக்கும் மறுநாளும் காதிலிருந்த மருந்துப் பஞ்சை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டேன். அப்படி ஒரு வாசிப்பு. தாளம் ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. இவளைத்தான் எடுப்பார்கள், எடுத்தே ஆக வேண்டும், எடுத்துவிட்டால் நான் தப்பித்தேன் என்று மனசு கணக்குப் போட்டது. அவளுக்காக வேண்டிக்கொண்டேனா, எனக்காகவா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

சனிக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் கடைசி பெஞ்சில் பெற்றோரை உட்காரச் சொன்னார்கள். ஐந்து பிள்ளைகள். வாண்டு மூன்றாவது. பெரிய செட்டுக்குப் பின்னால் தலை மட்டும் தெரிந்தது. ஆரம்பித்தாள். கை சரியான இடத்துக்கு, சரியான நேரத்துக்குப் போய்வந்தது. ஆனால் சத்தம் வரவில்லை. தோலைத் தடவிக்கொடுக்கிற அளவுக்குத்தான் அடித்தாள். முன்னால் வாசித்த பிள்ளைகள் இடித்த இடிக்கு இது ஹாலின் பாதியைக்கூட எட்டவில்லை.

"நல்லா அடி செல்லம், எல்லாருக்கும் கேக்கணும்" என்றார் பேண்ட் டீச்சர்.

வாண்டு தலையாட்டினாள். கையை ஓங்கி சிம்பலில் ஒன்று போட்டாள். ஹால் அதிர்ந்தது. அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. குச்சிகளைக் கீழே விட்டுவிட்டு இரண்டு கையாலும் சிம்பலை இறுக்கிப் பிடித்துச் சத்தத்தை நிறுத்தினாள். நிறுத்திவிட்டு, கடைசி பெஞ்சில் என்னைத் தேடிப் பார்த்தாள். "சாரிப்பா" என்றாள். அவ்வளவு தூரத்திலிருந்தும் அது எனக்கு நன்றாகக் கேட்டது.

அவளை எடுக்கவில்லை. நாலாவதாக வாசித்த பையனை எடுத்தார்கள். இரண்டு இடத்தில் தாளம் தப்பினான், ஆனால் பயமில்லாமல் அடித்தான். டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தாளம் அவ்வளவு சுத்தம் சார், எனக்கே மனசு கேக்கல. ஆனா இவ சத்தத்துக்கே பயப்படறா. வீட்டுல வாசிச்சா திட்டுவீங்களா?"

"இல்ல மேடம். நாங்க ஒண்ணுமே சொன்னதில்ல" என்றேன். சத்தியமான வார்த்தை.

வழியில் வாண்டுதான் பேசிக்கொண்டே வந்தாள். "அடுத்த வருஷமும் எடுப்பாங்கப்பா. அந்தப் பையன் நல்லா வாசிச்சான்ல?" என்றாள். என்னைத் தேற்றுகிறாளாம். பெற்றவனைப் பிள்ளை தேற்றுகிறது, நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ட்ராஃபிக்கைப் பார்க்கிற மாதிரி நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜ் மேலே இருந்த துண்டுச் சீட்டு ஒன்றை எடுத்தேன். இத்தனை வருஷத்தில் நான் கொடுக்கிற முதல் புகார். நேரில் சொல்லத்தான் நினைத்தேன், வாயில் வரவில்லை. எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான். "அப்பா கேட்கவில்லை" என்று எழுதி அவளிடம் நீட்டினேன்.

அவள் நின்று நிதானமாகப் படித்தாள். சிரிக்கவில்லை. பேனாவை வாங்கி, மேலே நாற்பத்தொன்று என்று எண் போட்டாள். கீழே, பதிவு செய்யப்பட்டது என்று என்னை மாதிரியே சாய்த்து எழுதி, பள்ளிக்கூடத்து நோட்டில் போடுகிற கையெழுத்தைப் போட்டாள். காந்தத்துக்கு அடியில் செருகிவிட்டுக் குச்சிகளை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

"இது எப்ப சரியாகும்மா?" என்று பின்னாலேயே போய்க் கேட்டேன்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டிருந்தவள் ஒரு காதை மட்டும் விலக்கினாள்.

"அது வேற செக்‌ஷன்பா" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை.